ஹாரன் கோஷ்டி

அணைக்காதீங்க தம்பி. நான் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேதான் வர்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க போனு, உங்க படம். ஆனா அந்தப் போலீஸ்காரரு எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு இப்பத்தான் வாயத் தொறக்குறாரு, நீங்க போயி பட்டன அமுக்குறீங்களே. சார்ஜ் இல்லையா? அட. அப்ப சரி, அதுக்கு யாரு என்ன பண்ண முடியும். எங்க எறங்குறீங்க? செங்காட்டுப் பிரிவா? நானும் அங்கதான் எறங்கணும். இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இந்த வண்டி வழியில நிக்கிற வேப்பமரத்துக்கெல்லாம் நின்னு குசலம் விசாரிச்சுட்டுத்தான் போகும்.

முடிவ வீட்டுல போயி பாத்துக்குவீங்களா? மறக்காம பாருங்க. நான் சும்மா சொல்லல. ஒரு படத்தோட கடைசி அஞ்சு நிமிசத்த பாக்காம விட்டு, அதுல ஒரு பொம்பள குடியிருந்த வீடு போச்சு. நெசமாத்தான் சொல்றேன். சிரிக்கிறீங்க. சிரிங்க. கேட்டுட்டு சிரிக்க முடிஞ்சா அப்பவும் சிரிங்க.

நான் மலைக்காரன் தம்பி. பேரு பொன்னுலிங்கம். மேல கரடிச்சோலை எஸ்டேட்டுல, கொழுந்து நிறுக்கிற கொட்டகையில முப்பத்தோரு வருசம் தராசு புடிச்சவன். சாயங்காலமானா பொம்பளைங்க தேயிலைக் கொழுந்த சாக்கு சாக்கா கட்டித் தூக்கிட்டு வந்து வரிசையில நிப்பாங்க. நான் ஒவ்வொரு சாக்கா கொக்கியில மாட்டி கிலோ சொல்லுவேன், கிளார்க்கு எழுதிக்குவாரு. அம்பது அறுவது பேரு. குளுரு, அட்டைக்கடி, கால்கடுப்பு. சும்மா நிக்க முடியுமா? அதனால நான் படக்கதை சொல்லுவேன். பாட்டு வர்ற எடத்துல பாடி, சண்டை வர்ற எடத்துல தராசுக் கம்பிய ஆட்டி. என்னைய லிங்கம்னு கூப்புட்டவங்கள விட கதலிங்கம்னு கூப்புட்டவங்கதான் அதிகம். எனக்கும் அது புடிக்கும். ஏன் பொய் சொல்லணும், ரொம்பப் புடிக்கும்.

ஆனா ஒரு விசயம் இருக்கு. எங்க எஸ்டேட்டுல ஒரு ஆளுகூட எந்தப் படத்தோட முடிவையும் பாத்ததில்ல. எப்படிங்கறீங்களா? டவுன்ல தியேட்டரு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் எங்களுக்கு லீவு. ரெண்டரை மணி ஆட்டம் அஞ்சு இருபதுக்கு விடும். எங்க எஸ்டேட்டுக்குப் போற கடைசி வண்டி அஞ்சேகாலுக்கு. அத விட்டா பதினேழு கிலோமீட்டர் நடக்கணும். ஆறரைக்கு மேல ரோட்டுல யானை எறங்கிரும். வண்டி ஓட்டுன பாய் தங்கமான மனுசன். நேரா ஸ்டாண்டுக்குப் போகாம தியேட்டர் வாசல்ல வந்து நின்னு மூணு ஹாரன் அடிப்பாரு. பாம், பாம், பாம். அது கேட்டதும் உள்ள இருந்து நாங்க முப்பது நாப்பது பேரு எந்திரிப்போம். கதாநாயகி விசம் குடிச்சுட்டுக் கெடந்தாலும் சரி, எந்திரிச்சுப் போயிட்டே இருப்போம். டவுன்காரங்க எங்களுக்கு வச்ச பேரு ஹாரன் கோஷ்டி.

அதுல எங்களுக்கு ஒரு கொறையும் இருந்ததில்ல. மத்த படத்துக்கெல்லாம் முடிவ பாத்துத்தான் தெரியணுமா? வில்லன் அடிபடுவான், பிரிஞ்ச குடும்பம் சேரும், எல்லாம் முடிஞ்சப்பறம் போலீஸ் ஜீப்பு வரும். கதை சொல்லும்போது அந்த மிச்சத்த நான்தான் சேத்துக்குவேன். அதுல என்ன பொய் இருக்கு? ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச முடிவு.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்துச்சு. எம்பத்தஞ்சாம் வருசம். மலை மேல ஒரு பங்களா. மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சுருச்சு, யாரும் வெளிய போக முடியாது, உள்ள வர முடியாது. வீட்டுக்காரரு பெரிய மொதலாளி, அவருக்குப் பொறந்தநாளு. அவரோட தம்பி, ரெண்டாம் சம்சாரம், டாக்டரு, வக்கீலு, பட்லரு, கொழந்தையப் பாத்துக்குற ஆயா, இப்படி எட்டுப் பேரு. விடியக்காலம் பாத்தா மொதலாளி செத்துக் கெடக்காரு. பக்கத்துல பால் டம்ளரு. யாரு செஞ்சது? ஒருத்தர் மேலயும் சந்தேகம் வராம இல்ல. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ண மறைக்கிறாங்க.

எங்காளுங்களுக்கு பங்களாவப் பத்தித் தெரியாததா? தியேட்டர்ல ஒரே பேச்சு. பங்களா பட்லர் எவன்டா வாசப்பக்கமா வருவான், பொறவாசல்லதான வரணும்னு ஒருத்தர். கொழுந்து பறிக்கிறவ தலையில பூ வச்சிருக்கா பாருன்னு ஒருத்தி. சிரிச்சு சிரிச்சுப் பாத்தோம். ஆனா போகப் போக சிரிப்பு அடங்கிப்போச்சு. கடைசியில இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹால்ல கூட்டி வச்சு, இந்தக் கொலைய செஞ்சதுன்னு ஆரம்பிச்சு வெரலத் தூக்குறாரு. வெரலு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்குறதுக்குள்ள, பாம், பாம், பாம்.

முப்பத்தெட்டு பேரு எந்திரிச்சோம். வாழ்க்கையில மொத தடவையா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வெளிய வந்தோம்.

அன்னைக்கு வண்டிக்குள்ள நடந்த பேச்ச நீங்க கேக்கணும். வக்கீலுன்னு ஒருத்தன், ரெண்டாம் சம்சாரம்னு ஒருத்தி. டவுன்ல யாரையாச்சும் கேட்டா சொல்லுவாங்கன்னு பாத்தா, போஸ்டர்லயே முடிவ வெளிய சொல்லாதீங்கன்னு போட்டிருக்கான். டவுன்காரப் பயலுகளுக்கு அது தோதாப் போச்சு. ஹாரன் கோஷ்டிக்கு முடிவு எதுக்குன்னு கேட்டு எங்கள ஏங்க வச்சாங்க.

மறுநாள் கொட்டகையில நான் கதைய சொல்றேன். பாக்காதவங்களும் இருக்காங்கல்ல. ஆயா பால எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறுறா, வளையல் சத்தம் மட்டும் கேக்குதுன்னு நான் ஒரு வேகத்துல சொல்லிட்டேன். அப்ப வரிசைக்குப் பின்னால இருந்து ஒரு கொரலு. ஞானப்பூ அக்கா. அவங்க எங்க துரை பங்களாவுல நெசமாவே ஆயா வேல. துரைன்னா மேனேஜரு, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். துரை மகளுக்கு நாலு வயசு, அதப் பாத்துக்குறதுதான் அக்காவுக்கு வேல. புருசன் யாக்கோபு ஃபேக்டரியில ரோலர் மிசினுல வேட்டி சிக்கிச் செத்து ஏழு வருசம் ஆச்சு. ஒரு பொட்டப் புள்ள, ஒம்பது வயசு. அன்னைக்கு யாரையோ கூப்புட கொட்டகைக்கு வந்தவங்க, கதைய நின்னு கேட்டுருக்காங்க.

என்ன சொன்னாங்க தெரியுமா? லிங்கம், பங்களாவுல பெரியவங்களுக்குப் பால் கொண்டு போறது பட்லரு. ஆயா கொண்டு போனா அது கொழந்தைக்கு மட்டும்தான். நானும் அந்தப் படத்த பாத்தேன், அதுலயும் பட்லர்தான் கொண்டு போனாரு. பாத்தத சொல்லு, பாக்காதத சேக்காத.

அவ்வளவுதான். கோபமா சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அறுவது பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. கிளார்க்கும் சிரிச்சாரு. அந்த வாரம் பூரா அதே பேச்சு. நான் பதினெட்டு கிலோன்னு சொன்னா, லிங்கம் பாத்தத சொல்லு பாக்காதத சேக்காதம்பாங்க. டீக்கடைக்குப் போனா அங்கயும் அதேதான். எனக்குக் கோபமெல்லாம் இல்ல தம்பி. வெளையாட்டுப் பேச்சு, அதுக்குப் போயி யாராச்சும் கோபப்படுவாங்களா? எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. அக்கா மூத்தவங்க. கோபமெல்லாம் இல்ல.

ஆனா முடிவ பாத்தே தீரணும்னு ஆயிருச்சு. வெள்ளிக்கெழம படம் மாறிரும். வியாழக்கெழம பல்லுவலின்னு சொல்லி லீவு போட்டேன். கன்னத்துல வெத்தலையக் குதப்பி வீக்கம் காட்டிக்கிட்டு கெளம்புனேன். கொட்டகையில சொல்லிட்டுத்தான் போனேன். இன்னைக்கு கதலிங்கம் வணக்கம் போடுறது வரைக்கும் பாத்துட்டுத்தான் வருவான், ராத்திரி டவுன்ல சித்தப்பா வீட்டுல தங்கிட்டு காலையில மொத வண்டிக்கு வருவான்னு. பொம்பளைங்க கையெடுத்துக் கும்புட்டு அனுப்பி வச்சாங்க, என்னமோ பழனிக்கு நடக்குறவன அனுப்புற மாதிரி.

போனேன். உக்காந்தேன். படம் ஓடுச்சு. இன்ஸ்பெக்டர் ஹால்ல எல்லாரையும் கூட்டுனாரு. வெரலத் தூக்குனாரு.

பாம், பாம், பாம்.

எப்படி சொல்றது தம்பி. எனக்கு அந்த வண்டியில போக வேண்டிய அவசியமே இல்ல. சித்தப்பாகிட்ட சொல்லியாச்சு, சித்தி சோறு ஆக்கி வச்சிருக்கு. ஆனா காலு தானா எந்திரிச்சுருச்சு. மணி அடிச்சா பள்ளிக்கூடத்துப் புள்ள எந்திரிக்குமே, அந்த மாதிரி. எந்திரிச்சு இருட்டுல நாலு பேரு கால மிதிச்சுட்டுக் கதவுகிட்ட வந்தப்பறம்தான் புத்தி வந்துச்சு. அடடா, நாம எங்க போறோம்னு திரும்புறேன், டிக்கெட் கிழிக்கிறவரு புடிச்சுத் தள்ளுறாரு. ஹாரன் கோஷ்டியா, ஓடு ஓடு, வண்டி போயிரும்னு. எனக்கு ஒத்தாசை பண்றாராம். வெளிய தள்ளி கதவச் சாத்திட்டாரு. வார நாள்லயும் வழக்கம்போல வாசல்ல வந்து நின்ன பாய் என்னையப் பாத்து, ஏறுப்பா ஒருத்தன்தானான்னாரு. மழை வேற. ஏறிட்டேன். எஸ்டேட்டுல நான் இருட்டுல எறங்குனத ஒருத்தரும் பாக்கல.

நீங்க கேக்கலாம், அஞ்சு நிமிசம் நின்னு வெளிய வர்றவன் யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கலாமேன்னு. கேட்டிருக்கலாம். ஆனா கதலிங்கம் போயி இன்னொருத்தன்கிட்ட முடிவு கேக்குறதாவது. அப்படி ஒரு திமிரு.

மறுநாள் கொட்டகைக்கு வழக்கத்தவிட அதிகம் பேரு. கிளார்க்கு பேனாவ மூடி வச்சுட்டாரு. ஃபேக்டரியில இருந்து ஆம்பளைங்களும் வந்துட்டாங்க. யாருன்னு கேக்குறாங்க. நான் கொக்கியில ஒரு சாக்க மாட்டிட்டு நிக்கிறேன். எந்திரிச்சு வந்துட்டேன்னு எப்படி சொல்றது? வாரம் பூரா சிரிச்ச சிரிப்பு போதாதா?

ஆயாதான்னு சொன்னேன்.

அப்பறம் நான் எங்க நிறுத்துனேன். ஏன் செஞ்சான்னு கேட்டாங்க. ஆயாவோட புருசன் அந்த மொதலாளி ஃபேக்டரியில மிசின்ல சிக்கிச் செத்தவன், அந்தப் பழிய மனசுல வச்சுக்கிட்டு ஆயாவா வேலைக்குச் சேந்து, கொழந்தைய மார்லயும் தோள்லயும் போட்டு வளத்து, நேரம் பாத்து ஸ்டோர்ல இருந்த எலிமருந்த எடுத்து பால்ல கலந்துட்டான்னு சொன்னேன். சொல்லச் சொல்ல வந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு அப்ப எனக்குத் தோணல. நாலு பொம்பளைங்க கண்ணத் தொடச்சாங்க. ஒருத்தி மட்டும், ஏன் லிங்கம், நம்ம ஞானப்பூ புருசனும் அப்படித்தானேன்னா. சாக்கு இருபத்தொரு கிலோ இருந்துச்சு, அத சொன்னேன்.

அதுக்கப்பறம் யாரும் பாத்தத சொல்லுன்னு கேலி பண்ணல.

பன்னெண்டு நாள் கழிச்சு துரை மகளுக்கு வாந்தி. சாயங்காலம் பால் குடிச்ச புள்ள நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயி, அங்க முடியாதுன்னு கீழ கொண்டு போனாங்க. பொழச்சுக்கிச்சு. ஆனா புள்ள திரும்பி வர்றதுக்குள்ள எஸ்டேட் பூரா ஒரே சொல்லு ஓடிருச்சு. பால்ல. பால்ல. ஆயா. யாரு மொதல்ல சொன்னாங்கன்னு தெரியாது. படத்துல வந்த மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க. பங்களா பட்லரு துரை சம்சாரத்துகிட்ட போயி சொல்லியிருக்காரு, அம்மா, இவ புருசன் நம்ம ஃபேக்டரியிலதான் செத்தான், மனசுல என்ன இருக்கோ, ஆளுங்க எல்லாம் பேசிக்கிறாங்கன்னு. அந்தம்மா பெத்த வயிறு. பயந்துருச்சு. துரை போலீசுக்கெல்லாம் போகல. நாளையில இருந்து வர வேணாம், ஒரு வாரத்துல லைன் வீட்டக் காலி பண்ணிரணும்னு சொல்லிட்டாரு.

உங்களுக்கு எஸ்டேட் சட்டம் தெரியாது. வேல போனா வீடும் போச்சு. லைன் வீடுங்கறது கம்பெனி வரிசையா கட்டிக் குடுத்தது. அக்காவோட ஆத்தா அப்பன் அந்த லைன்லதான் செத்தாங்க. அக்காவும் அங்கதான் பொறந்தாங்க. மலைய விட்டு எறங்குனா அவங்களுக்கு ஒரு ஊரு கெடையாது.

சங்கத்துச் செயலாளரு இருதயராஜ் அண்ணன் என்னையத் தேடி கொட்டகைக்கு வந்தாரு. வரிசையெல்லாம் போனப்பறம் வந்தாரு, அந்த அளவுக்கு நல்ல மனுசன். தராசுக்குப் பக்கத்துல நின்னு கேட்டாரு. "லிங்கம், இந்தப் பால் பேச்சு உன் கதையில இருந்துதான் கெளம்பியிருக்கு. படத்துல அப்படித்தானா, இல்ல நீயா சேத்ததா? நீயா சேத்ததுன்னா எங்கூட வா. துரைகிட்ட போயி, இது நான் விட்ட சரடுன்னு ஒரு வார்த்த சொல்லு. ஆளுங்க வாய நான் அடைக்கிறேன். ஞானப்பூவுக்கு வீடு நிக்கும்."

பாருங்க, எனக்கு ஒரு வாசல் தொறந்து வச்சு அவரே உள்ள கூப்புடுறாரு. நான் என்ன சொன்னேன்?

"என் ரெண்டு கண்ணால பாத்தேண்ணே. ஆயாதான்."

அவரு என் மூஞ்சியவே பாத்தாரு. அப்பறம் தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நான் காலையில எந்திரிச்சு வழக்கம்போல தராசு புடிக்கத்தான் போனேன்.

ஞாயித்துக்கெழம அக்கா போனாங்க. தகரப்பெட்டி ஒண்ணு, பாய் சுருட்டு ஒண்ணு, மக கையில ஒரு கோழி. வண்டி நிக்கிற எடம் எங்க கொட்டகைக்கு எதுக்கதான். நான் தராசுக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு நின்னேன். லீவு நாள்ல எவனாச்சும் தராசு தொடப்பானா? அக்கா பெட்டிய எறக்கி வச்சுட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

"லிங்கம், அந்தப் படத்துல கடைசியில ஆயாவ என்ன பண்ணாங்க?"

போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சுக்கான்னேன்.

"அவளுக்குப் புள்ள இருந்துச்சா?"

இருந்துச்சுன்னேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேட்டதுக்கு பதில் வச்சிருக்கணும், அதுதான் என் பொழப்பு.

"அந்தப் புள்ள என்ன ஆச்சு?"

அத காட்டலக்கான்னேன்.

சரின்னு தலைய ஆட்டுனாங்க. வண்டி வந்துச்சு. பாய் மூணு ஹாரன் அடிச்சாரு. அக்கா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஏறிட்டாங்க. மக மட்டும் கோழியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சன்னல் வழியா என்னையவே பாத்துக்கிட்டுப் போச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிர்றேன். ஒரு மாசத்துல பங்களா பட்லருக்கும் அதே வாந்தி. அப்பத்தான் பங்களாவோட தண்ணித் தொட்டியில ஏறிப் பாத்தாங்க. உள்ள ஒரு மரநாய் விழுந்து செத்து, ஊறி, எலும்பாயிருந்துச்சு. பால்ல கலந்த தண்ணி அதுதான். எஸ்டேட்டுக்கே தெரிஞ்சு போச்சு. ரெண்டு நாள் பேசுனாங்க. ஞானப்பூவ திரும்பக் கூப்புடணும்னு ஒருத்தருக்கும் வாய் வரல. துரை வேற ஆயா வச்சுட்டாரு. லைன் வீட்டுல வேற குடும்பம் வந்துருச்சு. நானும்தான் பேசாம இருந்தேன். அறுவது பேரு பேசாம இருக்கும்போது நான் மட்டும் எதுக்குன்னு இருந்தேன். ஆரம்பிச்சது நான் மட்டும்தாங்கறத நெனக்காம இருக்கப் பழகிட்டேன்.

அதுக்கப்பறம் கதை சொல்றத விட்டுட்டேன். தொண்டை சரியில்லைன்னு சொல்லிட்டேன். அவங்களும் கொஞ்ச நாள்ல கேக்குறத விட்டுட்டாங்க.

எஸ்டேட்ட வித்துட்டாங்க, இப்ப நான் பொள்ளாச்சியில மகன் வீட்டுல இருக்கேன். போன வருசம் ஒரு நாள் மத்தியானம், சாப்புட்டுட்டு சாஞ்சு கெடக்கேன், டிவியில அந்தப் படம். மருமக சேனல மாத்தப் போச்சு. வேணாம்மா, இது ஓடட்டும்னேன். முழுசாப் பாத்தேன். இன்ஸ்பெக்டர் வெரலத் தூக்குனாரு. எனக்குக் காதுல பாம் பாம்னு கேக்குது. ரெண்டு கையாலயும் நாற்காலியப் புடிச்சுக்கிட்டேன், எந்திரிக்கக் கூடாதுன்னு. நாப்பது வருசம் கழிச்சு அந்த வெரலு திரும்புச்சு.

வக்கீலு. வக்கீல்தான் கொலகாரன். உயில் விசயம்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. அவன ஜீப்புல ஏத்துனப்பறம் இன்ஸ்பெக்டர் திரும்பி வர்றாரு. ஹால் ஓரத்துல ஆயா நிக்குது, கொழந்தையத் தூக்கிக்கிட்டு. படம் பூரா ஆயாவுக்கு ஒரு வசனமும் கெடையாது. இன்ஸ்பெக்டர் தொப்பியக் கழட்டி, எல்லாரும் உங்கமேலதான் பழியப் போட்டாங்க, மன்னிச்சிருங்கம்மாங்கறாரு. ஆயா கொழந்தைக்குப் பால் ஆத்தப் போகுது. வணக்கம் போட்டுட்டான்.

அங்கயே இருந்திருக்கு தம்பி. என்னைய வெளிய தள்ளிச் சாத்துன கதவுக்கு அந்தப் பக்கம், அஞ்சு நிமிசத்துல, மன்னிப்புக் கூட கேட்டு முடிச்சுட்டாங்க. நான் வண்டியில ஏறி சன்னலோரம் எடம் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மருமக காப்பி கொண்டாந்துச்சு, ஏன் மாமா கண்ணு கலங்கியிருக்குன்னு கேட்டுச்சு. படம் சோகம்மான்னேன். அப்பவும் பொய்.

கோபம் இல்லன்னு சொன்னேன்ல முன்ன? கோபம்தான். அறுவது பேரு முன்னால சிரிக்க வச்சுட்டாங்கங்கற கோபம்தான். எட்டுப் பேருல ஏழு பேர விட்டுட்டு என் வாயில ஏன் ஆயா வந்துச்சு? அவங்க புருசன் செத்த சாவ எடுத்து நான் கதைக்குப் போட்டேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் சம்சாரம் சாகுற வரைக்கும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன், உங்க பேரு கூட எனக்குத் தெரியாது, அதனாலதான் சொல்ல முடியுது போல. வெக்கமா இருக்கு தம்பி. இந்த வயசுலயும் தனியா இருக்கும்போது அது நெனப்பு வந்தா மூஞ்சி சூடாயிருது.

இருதயராஜ் அண்ணன ஒரு சாவு வீட்டுல பாத்தேன். அவரா சொன்னாரு. ஞானப்பூ செங்காட்டுப் பிரிவுலதான் இருக்கா, மக பஸ் ஸ்டாப்புலயே பலகாரக்கடை வச்சிருக்கு, ஆயாம்மா கடைன்னா எல்லாருக்கும் தெரியும், வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பான்னு. வேற எதுவும் சொல்லல. என் மூஞ்சிய அதே மாதிரி பாத்தாரு.

அதான் வர்றேன். நாலாவது தடவை வர்றேன். மொத தடவை கடையில கூட்டமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை அக்காவக் காணோம், மக மட்டும் இருந்துச்சு. மூணாவது தடவை... மூணாவது தடவை நல்ல மழை. என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். அக்கா, முடிவு வேற. ஆயா இல்ல. நான் பாக்காமலே சேத்துட்டேன். அவ்வளவுதான், மூணே வார்த்த. மன்னிப்பெல்லாம் அப்பறம்.

கண்டக்டர் என்ன கத்துறாரு? செங்காட்டுப் பிரிவா? அதுக்குள்ளயா.

நீங்க எந்திரிங்க தம்பி, பையப் பாத்து எடுத்துக்கங்க. அதோ, நீலக் கலர் தகரம் போட்ட கடை. ஸ்டூல்ல இருக்குறது அக்காதான். தலை நல்லா வெளுத்துருச்சு. பாருங்க, வண்டி நின்னதும் நிமுந்து பாக்குறாங்க. வர்ற வண்டியெல்லாம் பாப்பாங்க போல.

நானா? நான்... இருங்க. ஆமா, எறங்கணும்னுதான் சொன்னேன். கண்டக்டர், எனக்கு இல்லங்க, நான் உக்காந்திருக்கேன். ஆமா, உடுமலை. இந்தாங்க டிக்கெட்டு, உடுமலைக்குத்தான் எடுத்திருக்கேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நாலு தடவையும் உடுமலைக்குத்தான் எடுத்தேன். எடுக்கும்போதே அதுதான் வாயில வருது. அன்னைக்கு எந்திரிக்கக் கூடாதப்ப எந்திரிச்ச காலு இது. இப்ப எந்திரின்னா கேக்க மாட்டேங்குது.

ஒண்ணு செய்யுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கடையில ஒரு டீ குடிங்க. குடிச்சுட்டு அந்த அம்மாகிட்ட, படத்துல ஆயா இல்லையாம், வக்கீலாம், கடைசியில ஆயாகிட்ட இன்ஸ்பெக்டரே மன்னிப்புக் கேட்டாராம்னு மட்டும் சொல்லிருங்க. அவங்களுக்குப் புரியும். யாரு சொன்னதுன்னு கேட்டா...

கேட்டா, வண்டியில வந்த ஒரு ஆளுன்னு சொல்லுங்க. பேரு வேணாம்.

என்ன தம்பி, ஒண்ணும் சொல்லாம எறங்குறீங்க? சொல்லுவீங்களா? தம்பி. சொல்லுவீங்கல்ல?

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, ஒரே நிமிசம். அந்தத் தம்பி கடைப்பக்கம் போறாரா, ரோட்டத் தாண்டி போறாரான்னு மட்டும் பாத்துக்கறேன். லாரி ஒண்ணு மறைக்குது. அது நகரட்டும். ஒரு நிமிசம்... இன்னும் நகரலையே.

சரி. சரிங்க. போலாம்.